சாலையோர வியாபாரிக்கு நகராட்சி வழியாகக் கடன்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் சிப்பி மாலையும் விற்பவர்கள், கீழக்கரையில் பழவண்டி தள்ளுபவர்கள், மண்டபத்தில் கூடை வைத்து மீன் விற்கும் அக்காமார், ராமநாதபுரத்தில் ராத்திரி இட்லிக் கடை போடுபவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். கொரோனா ஊரடங்கில் கைமுதல் கரைந்துபோய், தண்டல் (தினவசூல் கடன்) வாங்கித் தொழிலைத் திரும்ப எடுத்தவர்கள் இந்தக் கரையில் ஏராளம். அவர்களில் பலர் இன்னும் அந்தத் தண்டலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வர ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவு பிஎம் ஸ்வநிதி. கொரோனாவில் விழுந்த சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய மத்திய அரசின் கடன் திட்டம். 2025 ஆகஸ்டில் இதைத் திருத்தி, 2030 மார்ச் 31 வரை கடன் கொடுக்க முடிவெடுத்தார்கள். முதல் கடன் முன்பு 10,000 ரூபாயாக இருந்தது, இப்போது 15,000 வரை. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால் இரண்டாவது 25,000 வரை, மூன்றாவது 50,000 வரை. அடமானம் கிடையாது. தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே திரும்பி வரும்.

பணம் கொடுப்பது வங்கி. ஆனால் நீங்கள் சாலையோர வியாபாரிதான் என்று சொல்ல வேண்டியது நகராட்சி அல்லது பேரூராட்சி. விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் வங்கியில் அல்ல, அதற்கு முன்னால் உள்ளாட்சியில். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் உள்ளாட்சி அலுவலகத்தைச் சுற்றியே போகும். பொறுமையாகப் படியுங்கள்.

1. உங்கள் கடை யார் எல்லையில் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் ஆகியவை நகராட்சிகள். கடற்கரைப் பக்கம் மண்டபம், தொண்டி, சாயல்குடி ஆகியவை பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம் எல்லாம் ஊராட்சிகள்.

கணக்கில் எடுப்பது உங்கள் வீடு இருக்கும் இடத்தை அல்ல, நீங்கள் விற்கும் இடத்தை. தங்கச்சிமடத்தில் குடியிருந்துகொண்டு தினமும் ராமேஸ்வரம் நகருக்குள் வந்து மீன் விற்கும் ஒருவர் ராமேஸ்வரம் நகராட்சியில் தாராளமாக விண்ணப்பிக்கலாம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து நகருக்குள் விற்பவர்களுக்கென்றே திட்டத்தில் தனி வகை இருக்கிறது. ஆதாரில் ஊராட்சி முகவரி இருப்பது தடை இல்லை. ‘உங்க விலாசம் இங்க இல்லையே’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்திலேயே குடியிருந்து அங்கேயே விற்பவர் ராமேஸ்வரம் நகராட்சி என்று போட்டால் நேரில் பார்க்க வரும்போது விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘பக்கத்து ஊர்தானே’ என்று எதையோ தொட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

முழுக்க ஊராட்சிக்குள்ளேயே விற்பவர்களுக்கு இன்றைய நிலையில் வேறு வழிதான் சரி. 2025 திருத்தத்தில் நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கணக்கிடப்பட்ட ஊர்களுக்கும் இதைப் படிப்படியாக விரிவாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் அதில் வந்துவிட்டதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். வரவில்லை என்றால் இரண்டு வழி: பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்து, மகளிர் திட்டம் வழியாக வங்கிக் கடன் வாங்கலாம். கடலுக்குப் போகும் குடும்பம் என்றால் மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டை கேட்கலாம். அதில் வட்டி 7 சதவீதம், குறித்த காலத்தில் கட்டினால் 4 சதவீதத்துக்கு இறங்கும். அந்த இரண்டும் தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே நீட்டவில்லை.

2. உங்களிடம் ஏற்கெனவே என்ன காகிதம் இருக்கிறது?

வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடுங்கள். கிடைப்பதைப் பொறுத்து உங்கள் பாதை மாறும்.

நகராட்சி கொடுத்த சாலையோர வியாபாரி அடையாள அட்டையோ விற்பனைச் சான்றிதழோ இருந்தால் நேராக 5-ஆவது படிக்குப் போகலாம். ஆதார், கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் 3-ஆவது படியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை இல்லை, ஆனால் முன்பு கணக்கெடுப்புக்கு வந்து படம் பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள் என்றால் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கக்கூடும். நகராட்சியில் கணக்கெடுப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்தே இணையதளத்தில் தற்காலிகச் சான்றிதழ் எடுக்கலாம். பட்டியலில் பெயரை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ‘முனியம்மாள்’ என்பவர் ‘முனியம்மா’ என்றும், ‘செய்யது’ என்பவர் ‘சையது’ என்றும் இருப்பார்கள். பெயர் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்தால் விட்டுவிடாதீர்கள். அப்பா பெயர், கணவர் பெயர், விற்கும் தெரு மூன்றையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அட்டையும் இல்லை, கணக்கெடுப்பிலும் வரவில்லை என்றால் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். கூடை வைத்து விற்கும் பெண்களில் பலரும் இந்த வகையில்தான் வருவார்கள். காலை 10 மணிக்குள் மீனை விற்றுவிட்டுப் போய்விடுவதால் கணக்கெடுக்க வந்தவர்கள் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை.

இங்கே ஒரு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை இருக்கும் வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது. எனவே அட்டை கேட்பது உங்கள் உரிமை. கடனே வேண்டாம் என்பவர்கள்கூட அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையை எடு என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

3. ஆதாரையும் கைபேசி எண்ணையும் சரிசெய்வது

விண்ணப்பம் முழுவதும் ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு வரும் கடவு எண்ணை (ஓடிபி) நம்பியே நடக்கிறது. பழைய சிம் தொலைந்து, புது எண் வாங்கி, ஆதாரில் மாற்றாமல் விட்டவர்கள் நம் பக்கம் மிக அதிகம். மகன் வெளிநாடு போகும் முன் அவன் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள், இப்போது அந்த எண்ணே செயலில் இருக்காது.

ஆதார் மையத்திலோ ஆதார் வசதியுள்ள அஞ்சலகத்திலோ எண்ணை மாற்றலாம். கட்டணம் 75 ரூபாய். உங்கள் எண், உங்கள் கையில் இருக்கும் போன். பேரப்பிள்ளை எண்ணையோ கணினி மையத்துக்காரர் எண்ணையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாளைக்கு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியும் அங்கேதான் போகும். மாற்றம் பதிவாக ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் நகராட்சிப் படி ஏறினாலும் இணையதள வேலை ஓடாது.

கூடவே இவற்றையும் எடுத்து வையுங்கள்: வாக்காளர் அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பான் அட்டை, இரண்டு படம். பான் இல்லாதவர்கள் ஆதாரை வைத்து இணையத்திலேயே இலவசமாக மின் பான் எடுக்கலாம், அல்லது பான் இல்லை என்பதற்கான படிவத்தை வங்கியில் எழுதிக் கொடுக்கலாம்.

கணக்குப் புத்தகத்தைத் தொட்டதும் ஒன்றைப் பாருங்கள். இரண்டு ஆண்டாக நீங்களாகப் பணம் போடவும் எடுக்கவும் இல்லை என்றால் கணக்கு முடங்கியிருக்கும். ஊரடங்கின்போது நிவாரணம் வந்ததோடு தொடாமல் விட்ட ஜன்தன் கணக்குகள் பல அப்படித்தான் கிடக்கின்றன. ஆதாரோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, 100 ரூபாய் போட்டு எடுத்து உயிர்ப்பித்துவிடுங்கள். இதை விட்டால் கடன் ஒப்புதல் ஆன பிறகு பணம் ஏறாமல் திரும்பும். மறுபடி முதலிலிருந்து அலைச்சல்.

4. பரிந்துரைக் கடிதம் வாங்குவது

அடையாள அட்டை இல்லாதவருக்கு நகராட்சியோ நகர விற்பனைக் குழுவோ (நகராட்சியும் வியாபாரிப் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு) கொடுக்கும் கடிதம் இது. விண்ணப்பத்தை 15 நாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது திட்டத்தின் நெறிமுறை. கட்டணம் எதுவும் இல்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று 500, 1,000 கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிப்போங்கள்.

வியாபாரி என்பதற்கு ஆதாரமாக இவற்றில் எது இருந்தாலும் சேருங்கள்: வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, ஊரடங்கில் வியாபாரி என்று நிவாரணம் பெற்ற விவரம், நகராட்சி தினசரிக் கட்டண ரசீது, உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று. தினசரிக் கட்டண ரசீதைப் பலர் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். இன்றிலிருந்து ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். 20 ரசீது சேர்ந்தாலே அது நல்ல சாட்சி.

ஒன்றுமே இல்லையா? கவலை வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நேரில் வந்து விசாரியுங்கள் என்று கேட்கத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. இப்படி எழுதுங்கள்:

‘பெறுநர்: ஆணையாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம், ராமேஸ்வரம்.
பொருள்: பிஎம் ஸ்வநிதி கடனுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுதல்.
ஐயா, நான் மேற்படி நகராட்சி எல்லையில் (தெருவின் பெயர்), (அடையாளக் கட்டடம்) எதிரே (ஆண்டு) முதல் கூடையில் மீன் விற்பனை செய்து வருகிறேன். விற்பனை நேரம் தினமும் காலை 6.30 முதல் 9.30 வரை. கணக்கெடுப்பின்போது விடுபட்டுவிட்டேன். மேற்படி இடத்தில், மேற்படி நேரத்தில் நேரில் விசாரித்துப் பரிந்துரைக் கடிதம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து, ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கைபேசி எண். பேரூராட்சி என்றால் ஆணையாளருக்குப் பதில் செயல் அலுவலர் என்று எழுதுங்கள்.

அந்த ‘விற்பனை நேரம்’ வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு வரும் பணியாளர் அலுவலகம் திறந்த பிறகுதான் கிளம்புவார். அவர் 11.30-க்கு வந்து நிற்கும்போது நீங்கள் மீனை விற்று, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் ஈரத் தரையும் நாலு செதிலும்தான் கிடக்கும். ‘மேற்படி இடத்தில் யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் எழுதியதில் பொய் இல்லை, ஆனால் உங்கள் விண்ணப்பம் செத்துப்போகும். ராத்திரிக் கடைக்காரர்களுக்கும் இதே சிக்கல். அதனால் நேரத்தை எழுதுவதோடு, விசாரிக்க வருபவர் யார் என்று அலுவலகத்தில் கேட்டு, வரும் நாளைத் தெரிந்துகொண்டு அன்று அரை மணி நேரம் கூடுதலாக உட்காருங்கள். மீன் தீர்ந்துவிட்டால் கூடை, தராசு, பலகையோடாவது இருங்கள். சரக்கோடும் கடையோடும் சேர்த்துத்தான் படம் எடுப்பார்கள்.

இன்னொன்று, விசைப்படகு வராத நாளில் உங்களிடம் மீன் இருக்காது. அந்த நாளை விசாரணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் எடுக்கும் நாளைச் சொல்லுங்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். ‘வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்’ என்பார்கள். முத்திரை வாங்காமல் நகராதீர்கள். 15 நாள் என்ற கணக்கு அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான் ஓடும். நகராட்சியில் சமுதாய அமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார், வியாபாரிகள் பதிவைப் பெரும்பாலும் அவர்தான் பார்ப்பார். முதல் நாளே அவரைப் பார்த்துப் பேசிவிடுவது பாதி அலைச்சலைக் குறைக்கும்.

5. இணையதளத்தில் ஏற்றுவது

பிஎம் ஸ்வநிதி இணையதளத்திலோ அதே பெயருள்ள செயலியிலோ நீங்களே ஏற்றலாம். பொதுச் சேவை மையத்திலும், நகராட்சியிலும், வங்கிக் கிளையிலும் ஏற்றித் தருவார்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மையத்தில் ஏற்றினால் சேவைக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கைபேசி எண், கடவு எண், வியாபாரி வகை, ஆதார் சரிபார்ப்பு, வியாபார விவரம், வங்கித் தேர்வு என்று வரிசையாகப் போகும். உட்கார்ந்தால் அரை மணி நேர வேலைதான். மூன்று இடங்களில் மட்டும் கண் வையுங்கள்.

பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே கணக்குப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். இன்ஷியல் முன்பின் மாறியிருந்தாலே சில கிளைகளில் நிறுத்திவைப்பார்கள்.

மாத விற்பனை என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். கடன் கூடக் கிடைக்கும் என்று 1,00,000 என்று போடுவதும், ஏழை என்று காட்ட 2,000 என்று போடுவதும் இரண்டுமே கெடுதல். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய்க்கு மீன் எடுத்து 1,900-க்கு விற்று, மாதம் 22 நாள் தொழில் என்றால் விற்பனை 41,800. ஐஸ், ஆட்டோ போக கையில் நிற்பது எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் கேட்பார்கள்.

வங்கியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்களுக்குக் கணக்கு இருக்கும் அதே வங்கியின் அதே கிளையைப் போடுங்கள். மையத்துக்காரர் பட்டியலில் முதலில் வரும் பெயரைத் தொட்டுவிட்டால், விண்ணப்பம் எங்கோ ஒரு கிளையில் கிடக்கும். நீங்கள் இங்கே உட்கார்ந்து காத்திருப்பீர்கள். முடிந்ததும் விண்ணப்ப எண்ணை அச்செடுத்து வாங்குங்கள், கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

6. வங்கிக் கிளையில்

விண்ணப்பம் ஏற்றி நான்கைந்து நாளில் கிளைக்கு நேரில் போங்கள். குறுஞ்செய்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதத்தின் முதல் வாரமும் திங்கட்கிழமையும் வேண்டாம். காலைக் கூட்டம் குறைந்த பிறகு, கடன் பிரிவில் விண்ணப்ப எண்ணைச் சொல்லி, ‘எங்க விண்ணப்பம் உங்க கணினில வந்திருக்கான்னு பாருங்க சார்’ என்று கேளுங்கள்.

பெரும்பாலும் நிற்பது இரண்டு காரணத்தால். முதலாவது பழைய பாக்கி. குழுக் கடனிலோ நுண்கடன் நிறுவனத்திலோ ஊரடங்கின்போது கட்டாமல் விட்ட தவணை உங்கள் பெயரில் தெரியும். குழுவில் வேறொருவர் கட்டாததுகூடச் சில சமயம் உங்கள் தலையில் வந்து நிற்கும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். பாக்கி சின்னது என்றால் கட்டி, கடன் முடிந்த கடிதம் வாங்கிக்கொண்டு கிளைக்குப் போங்கள்.

இரண்டாவது, அடமானம் அல்லது ஜாமீன் கேட்பது. இந்தக் கடனுக்கு அடமானம் தேவையில்லை, இதற்கு அரசின் உத்தரவாதம் இருக்கிறது. நகையோ வைப்புத் தொகையோ கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு மாறும்.

வட்டி வங்கிக்கு வங்கி மாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: வட்டி எத்தனை சதவீதம், மாதத் தவணை எவ்வளவு, 15,000-ல் ஏதாவது பிடித்துக்கொண்டு கொடுப்பீர்களா. 15,000 ரூபாயை 12 மாதத்தில் கட்டுவதாக வைத்தால், 12 சதவீத வட்டியில் தவணை சுமார் 1,333 ரூபாய், ஆண்டு மொத்த வட்டி 993. அதில் 7 சதவீத மானியமாகச் சுமார் 580 திரும்பி வந்தால் உங்களுக்கு உண்மையான செலவு 410 ரூபாய் மாதிரி. நுண்கடன் நிறுவனம் வழியாக 24 சதவீதத்தில் வாங்கினால் தவணை 1,418, மொத்த வட்டி 2,020-க்கு மேல். மானியத்தைக் கழித்தாலும் 1,400 ரூபாய்க்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும். அதனால்தான் வங்கி வங்கி என்று சொல்கிறோம்.

தண்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10,000 என்று எழுதி, 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூல். 100 நாளுக்கு 1,500 ரூபாய் போகிறது. அதை ஆண்டுக்கு மூன்று தடவை சுற்றினால் 4,500.

அதே நாளில் செய்யக்கூடிய இன்னொரு வேலை, கிளையிலேயே அரசின் காப்பீடு எடுப்பது: விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு. இரண்டும் நல்லவைதான், ஆனால் உங்கள் விருப்பம். காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

7. எப்போது வாங்குவது? கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஆதார் திருத்தம், பரிந்துரைக் கடிதம், வங்கி எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் கணக்கில் வையுங்கள். அதைப் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

சங்கு, சிப்பி, பாசிமணி விற்பவர்களுக்குக் கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்குவதிலிருந்து தை அமாவாசை வரை நல்ல காலம். பணம் ஐப்பசியில் கையில் இருக்க வேண்டும், அப்படியென்றால் ஆவணியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். ஆடி அமாவாசையைக் குறிவைப்பவர்கள் வைகாசியில் தொடங்க வேண்டும்.

கருவாட்டுக்காரர்களுக்குச் சரக்குப் பிடிக்கும் காலம் மாசி, பங்குனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அந்த நாளில் விற்கத்தான் முன்கூட்டிக் காயப்போடுகிறீர்கள். தை பிறந்ததும் விண்ணப்பிப்பது அவர்களுக்குத் தோது.

விசைப்படகு மீனை நம்பி விற்பவர்கள் தடைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் கடன் வாங்காதீர்கள். முதல் தவணையே தொழில் இல்லாத மாதத்தில் வந்து விழும். ஆனி பிறந்து படகு இறங்கிய பிறகு வாங்குங்கள். நாட்டுப்படகு மீன் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் போகும், விலையும் ஏறி நிற்கும்.

8. தவணை கட்டுவது

மாதம் 1,333 என்றால் தொழில் நடக்கும் 25 நாளில் தினம் 54 ரூபாய். நீங்கள் 70 ரூபாயாகத் தனி டப்பாவில் போடுங்கள். மாதம் 1,750 சேரும், தவணை போக 417 நிற்கும். ஏழு மாதத்தில் 2,900 ரூபாய். தடைக்காலத்தில் வரும் இரண்டு தவணைக்கு அது போதும். மீனவர் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தை நம்பித் தவணையை வைக்காதீர்கள். அது வரும் தேதி உங்கள் கையில் இல்லை, அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே அது தீர்ந்துபோகும்.

தவணை தேதிக்கு இரண்டு நாள் முன்பே பணம் கணக்கில் இருக்கட்டும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அதற்கும் அபராதம் பிடிப்பார்கள். தொடர்ந்து 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். மானியமும் நிற்கும், அடுத்த கடனும் போச்சு. கஷ்டம் வந்தால் பாக்கி விழுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது.

கடை வைத்திருப்பவர்கள் கியூஆர் அட்டையை மழையிலும் மீன் தண்ணீரிலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வாடிக்கையாளர் கண்ணில் படும் உயரத்தில் மாட்டுங்கள். டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு 1,600 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். சில்லறை விற்பனைக்கு மட்டும் இல்லை, நீங்கள் மொத்த வியாபாரிக்குக் கட்டுவதற்கும் உண்டு. பணம் ஏறியதை ஒலிப்பெட்டி சொல்வதைக் காதால் கேட்டு உறுதிசெய்த பிறகே சரக்கைக் கொடுங்கள். பழைய ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் சுற்றுலாக் கூட்டத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

9. நின்றுபோனால் யாரைக் கேட்பது

நகராட்சியில் 15 நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் முத்திரை வாங்கிய பிரதியோடு ஆணையாளரை நேரில் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். முத்திரைப் பிரதியின் நகலை இணைத்தால்தான் மனுவுக்கு வலு. போக முடியாதவர்கள் ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புச் சேவையின் 1100 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் நின்றால் முதலில் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார். அதன் நகலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்குக் கொடுங்கள். நம் மாவட்டத்து வங்கிகளின் அரசுத் திட்டக் கடன்களை ஒருங்கிணைப்பது அவர் வேலை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விளக்கம் கேட்க 14448.

10. முதல் கடன் முடிந்த அன்று

கடைசித் தவணை கட்டிய கையோடு, கடன் முடிந்தது என்ற கடிதத்தைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். கணக்கில் 3 ரூபாய், 8 ரூபாய் என்று வட்டி மிச்சம் நின்றிருந்தால் கடன் முடிந்ததாகக் காட்டாது. இரண்டாவது கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும். 2020-ல் 10,000 வாங்கிக் கட்டி முடித்தவர்களும் இதைப் போய்ச் சரிபாருங்கள். பாதியில் விட்டவர்கள் மிச்சத்தை முடித்தால்தான் அடுத்த படி.

இரண்டாவது கடனுக்குப் பரிந்துரைக் கடிதத்துக்கு மறுபடி அலைய வேண்டாம், அதே கைபேசி எண்ணில் நுழைந்தால் உங்கள் விவரம் இருக்கும். 25,000 ரூபாயை 18 மாதத்தில் 12 சதவீத வட்டியில் கட்டினால் தவணை சுமார் 1,525. அதையும் முடித்தவர்களுக்கு யூபிஐ-யோடு இணைந்த ரூபே கடன் அட்டையும் உண்டு.

கடன் முடிந்த கடிதம், பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு ஒழுகாத இடமாகப் பார்த்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். விற்பனைச் சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, சான்றிதழ் காலாவதியாகும் வரை அந்த இடத்தில் கணவரோ மனைவியோ, அவரைச் சார்ந்த பிள்ளையோ விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.